பாலிக் புலாவ் செடிக்காரத் தாத்தாவின் நர்சரி: வாங்குவதற்கு முன் உங்கள் வாசலைப் பற்றிக் கேட்பார்

செடி விற்கிறவரே 'இதை நீங்கள் வாங்க வேண்டாம்' என்று சொல்லி நான் கேட்டது பினாங்குத் தீவின் பாலிக் புலாவில்தான். அதற்காகவே இந்த நர்சரியைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

பெயர்ப்பலகை கிடையாது. பாயா தெருபோங்கிலிருந்து துன் சர்டோன் சாலையில் மலையேறி மறுபக்கம் இறங்கினால், டுரியான் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மண்பாதை பிரிகிறது. அந்த வட்டாரத்தில் யாரிடமாவது 'செடிக்காரத் தாத்தா வீடு எங்கே' என்று கேட்டால் வழி காட்டுவார்கள். என் நாத்தனார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெரியவருக்கு வயது எண்பதை நெருங்குகிறது. இளவயதில் ஜாதிக்காய்த் தோட்டத்தில் வேலை செய்தவர். இப்போது மருமகளும் அவரும் சேர்ந்து நர்சரியைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

விற்பனைக்கான நாற்றுகள் நிழல்வலைக்குக் கீழே வரிசையாக இருக்கின்றன. ஆனால் போகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது பின்னால் சரிவில் நிற்கிற தாய்ச்செடிகளைத்தான். படிப்படியாக வெட்டிய மலைச்சரிவு, மேலே பழைய டுரியான், ரம்புத்தான் மரங்கள், ஓரத்தில் எப்போதும் ஈரமாக இருக்கும் ஓடை. அந்த இடத்தில் எது வைத்தாலும் செழிப்பாக வளர்கிறது. ஒரு படியில் இஞ்சிக் குடும்பத்துச் செடிகள் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கின்றன. அடுத்த படியில் வெற்றிலைக்கொடி ஒரு பாக்குமரம் முழுக்க ஏறியிருக்கிறது. கிராம்பு மரத்தின் இளந்தளிர் இளஞ்சிவப்பில் மின்னுகிறது. நல்ல தோட்டத்தைப் பார்த்தால் எனக்கு உடனே எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற ஆசை வந்துவிடும். அன்றும் வந்தது.

ஆனால் என் வீடு குளுகோரில், மேற்குப் பார்த்த தரை வீடு. இருபது அடி முகப்பில் கார் நிற்கும் இடம் போக, மதிலோரமாக நான்கு அடி அகலத்தில் ஒரு துண்டு மண். அந்த மண்ணும் வீடு கட்டியபோது கொட்டிய நிரப்புமண். தோண்டினால் செங்கல் துண்டும் காய்ந்த சிமெண்டுக் கட்டியும் வரும். நடுப்பகலில் தொடங்கும் வெயில் மாலை வரை நேரே வாசலில் அடிக்கிறது. மதில் சூடாகி, இரவு எட்டு மணிக்குத் தொட்டாலும் வெதுவெதுப்பாக இருக்கும். மலையடிவாரத்துச் செடி அங்கே வந்தால் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியை நான் கேட்பதற்கு முன்பே பெரியவர் கேட்டுவிட்டார். நான் முதலில் கை வைத்தது ஜாதிக்காய்க் கன்றில். அவர் விலை சொல்லவில்லை. "அம்மா, வீட்டு வாசல் எந்தத் திசை? மத்தியானம் மூன்று மணிக்கு எடுத்த படம் ஏதாவது கைப்பேசியில் இருக்கிறதா?" என்றார். என்னிடம் இருந்தது காலையில் எடுத்த படம்தான். அதைப் பார்த்துவிட்டு, காலைப் படத்தில் எல்லா வாசலும் நன்றாகத்தான் இருக்கும், மூன்று மணிக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். கூடவே, ஒரு பிடி மண்ணும் கொண்டுவரச் சொன்னார்.

ஜாதிக்காயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பினாங்குக்காரர்களுக்கு அது வெறும் செடி அல்ல. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி மொலுக்கத் தீவுகளிலிருந்து ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைக் கொண்டுவந்து இந்தத் தீவில் நட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தோட்டங்கள் பெருகின. 1860 வாக்கில் நோய் தாக்கிப் பெரும்பாலானவை அழிந்தன. மிச்சம் இருப்பவை பெரும்பாலும் இந்தப் பாலிக் புலாவ் பக்கத்தில்தான். கடைகளில் நாம் வாங்கும் ஜாதிக்காய்ச் சாறும் சர்க்கரையில் ஊறிய துண்டுகளும் அந்த மிச்சத்தின் பலன்.

பெரியவரின் தாய்மரத்தில் அன்று பழம் பிளந்திருந்தது. வெளிர்மஞ்சள் தோல் ஒரு கோட்டில் இரண்டாகத் திறந்து, உள்ளே பளபளக்கும் கரும்பழுப்புக் கொட்டை. அதன்மேல் ரத்தச் சிவப்பில் ஜாதிபத்திரி பின்னிக் கிடந்தது. மளிகைக் கடையில் காய்ந்த பழுப்பாக மட்டுமே பார்த்திருந்த பத்திரிக்கு இப்படி ஒரு நிறமா என்று வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்த மரம் கேட்பதை என் வாசலால் கொடுக்க முடியாது. கன்றுப் பருவத்தில் அதற்கு நிழல் வேண்டும். ஆழமான, நீர் தேங்காத மண் வேண்டும். வேர் மேலாகவே பரவுவதால் மண் காய்ந்தாலும் தாங்காது, நீர் நின்றாலும் தாங்காது. இதற்கெல்லாம் மேல் ஆண் மரம், பெண் மரம் என்ற சிக்கல் இருக்கிறது. விதையில் முளைத்த கன்று எதுவென்று பூக்கும்வரை தெரியாது. பூப்பதற்கு ஆறு முதல் எட்டு ஆண்டுகள் ஆகும். அத்தனை காலம் தண்ணீர் ஊற்றிய பிறகு அது ஆண் மரம் என்று தெரிந்தால் காய் கிடையாது.

இதற்குப் பெரியவர் ஒட்டுக்கன்று வைத்திருக்கிறார், 45 வெள்ளி (ரிங்கிட்). பெண் மரத்திலிருந்து எடுத்த ஒட்டு என்பதால் அந்தச் சந்தேகம் இல்லை. நேராக மேலே போகும் கிளையிலிருந்து ஒட்டு எடுத்தால் மரம் நேராக உயரும், பக்கவாட்டுக் கிளையிலிருந்து எடுத்தால் தாழ்வாகப் படர்ந்து வளரும் என்று இரண்டு கன்றுகளையும் அருகருகே வைத்துக் காட்டினார். படர்ந்து வளர்வது சின்ன இடத்துக்குப் பொருந்தும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். உயரப் பிரச்சினை தீரும், வெயில் பிரச்சினை தீராது என்றார். கன்று அவர் கையிலேயே இருந்தது. விற்றிருந்தால் 45 வெள்ளி வந்திருக்கும்.

நாகலிங்கக் கன்றுக்கும் அதே கதைதான். தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவில் நாகலிங்க மரத்தடியில் நிற்காத பினாங்குத் தமிழர் இருக்கமாட்டார். 1884இல் தொடங்கிய அந்தப் பூங்காவில் அது நிற்பதற்கு இடமும் இருக்கிறது, ஆழமான மண்ணும் இருக்கிறது. அடிமரத்திலேயே பூ பூத்து, படமெடுத்த நாகத்தின் கீழே லிங்கம் போலத் தெரிவதால் வீட்டிலும் ஒன்று வேண்டும் என்று நம்மவர்கள் ஆசைப்படுகிறார்கள். இருபத்தைந்து மீட்டருக்கு மேல் உயரும் மரம் அது. பீரங்கிக் குண்டு அளவில் காய் காய்த்து மேலிருந்து விழும். கோயில்களுக்கும் பள்ளிகளுக்கும் மட்டுமே அவர் அதைக் கொடுக்கிறார். வரிசை வீட்டுக்காரர் எவ்வளவு கேட்டாலும் தருவதில்லை. எனக்கு அது சரி என்றே படுகிறது.

அடுத்த முறை மூன்று மணிப் படத்தோடும், பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் மண்ணோடும் போனேன். அவர் மண்ணை ஒரு பீங்கான் தட்டில் பரப்பி, சமையலறைக் காடியை (வினிகரை) மேலே சொட்டுச் சொட்டாக விட்டார். விட்ட இடமெல்லாம் பொசபொசவென்று நுரைத்தது. அருகில் தன் தோட்டத்து மண்ணில் கொஞ்சம் வைத்து அதன்மேலும் காடி விட்டார். அது சும்மா ஈரமானது, அவ்வளவுதான். "உங்கள் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது அம்மா. சிமெண்டுப் பூச்சு உதிர்ந்து கலந்திருக்கிறது" என்றார்.

எங்கள் வரிசையில் பல வீடுகளில் மதிலோரம் வெட்சி வைத்திருக்கிறார்கள், இட்லிப்பூ என்று நாம் சொல்லும் செடிதான். அதன் இளம் இலைகள் வெளுத்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உரம் போதவில்லை என்று எல்லோரும் பை பையாகக் கோழி எருவைக் கொட்டுகிறோம். காரணம் வேறு. சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. எருவைக் கூட்டினால் அது மாறாது. எங்கள் தெருவில் யாரும் எனக்குச் சொல்லாத இந்த விஷயத்தை ஒரு தட்டு மண்ணும் கொஞ்சம் காடியும் வைத்து ஐந்து நிமிடத்தில் அவர் காட்டிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் பேச்சு வியாபாரத்துக்கு வந்தது. மதிலோரத் துண்டில் நேராக நடுவதற்கு அவர் ஒப்புக்கொண்டது அரளி மட்டுமே. சுண்ணாம்பு மண்ணையும் மதில் சூட்டையும் அது பொருட்படுத்தாது, பூசைக்கும் பூ கிடைக்கும். ஆனால் இலை, தண்டு, பூ எல்லாமே நஞ்சு. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்களா, நாய் வளர்க்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று நான் சொன்ன பிறகுதான் பிடுங்கிக் கொடுத்தார். கிளை வெட்டினால் கை கழுவ வேண்டும், வெட்டிய குச்சியை எரிக்கக் கூடாது என்பதையும் மருமகள் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

கறிவேப்பிலைக்கு நல்ல வெயில் வேண்டும் என்பதால் என் வாசல் அதற்கு ஏற்றது. மண்தான் ஆகாது. பெரிய தொட்டியில், கறுப்பு மண்ணோடு தேங்காய் நார்த்தூளும் கருக்கிய உமியும் கலந்து வைக்கச் சொன்னார். கன்று 8 வெள்ளி. வேரோரம் வேறு முளை விடாத, ஒற்றைத் தண்டுக் கன்றாகப் பார்த்து எடுத்துத் தந்தார். காகிதப்பூவும் தொட்டியில் வைத்தால் அந்த வெயிலில் கொட்டிப் பூக்கும் என்றார். அதை நான் எடுக்கவில்லை. தெரு முழுக்க அதுதான் இருக்கிறது.

நான் ஆசைப்பட்டு விட்டுவிட்ட இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று புங்கா காந்தான், இஞ்சிக் குடும்பத்துச் செடி. லக்சா நூடுல்ஸுக்கும் ரோஜாக் என்ற பழக்கலவைக்கும் வெட்டிப் போடும் அந்த மொட்டு அவர் தோட்டத்தில் தரையிலிருந்து தனித்தண்டில் எழும்பி, விரிந்தால் மெழுகில் செய்தது போல இருக்கிறது. இலைத்தண்டுகளோ தலைக்கு மேல் போகின்றன. கிழங்கு ஆண்டுதோறும் பக்கத்தில் பரவும். நான்கு அடித் துண்டில் வைத்தால் பக்கத்து வீட்டுச் சாக்கடைவரை போய்விடும். வைக்கிறவருக்குப் பின்கட்டில் தாராளமாக இடம் வேண்டும்.

மற்றொன்று புரோமெலியாட் என்ற அழகுச் செடி. மர நிழலில் சிவப்பும் செம்மஞ்சளுமாக வட்டம் வட்டமாக நிற்கின்றன. இலைகள் சேரும் குழியில் தண்ணீர் நிற்பதுதான் அந்தச் செடியின் வாழ்க்கையே. ஆனால் வரிசை வீடுகளில் அதே தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். டிங்கிக் காய்ச்சல் பரவும் காலத்தில் சுகாதார அதிகாரிகள் வந்து பூச்சட்டித் தட்டுகளைக்கூட விடாமல் பார்க்கிறார்கள். கொசுப்புழு கண்டால் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி அபராதம். வாரந்தோறும் ஒவ்வொரு குழியையும் குழாய்த் தண்ணீர் பாய்ச்சிக் கழுவ முடியும் என்பவர்கள் வாங்கலாம். என் தெருவில் போன ஆண்டு டிங்கியால் ஒரு பிள்ளை மருத்துவமனையில் கிடந்தது. அதனால் நான் வாங்கவில்லை.

இனி குறைகள். நாற்றுகளில் பெயர்ச்சீட்டு இல்லை. பெரியவரோ மருமகளோ பக்கத்தில் இல்லாவிட்டால் எது என்ன என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவர்களைப் பிடிப்பதும் கடினம். எல்லா நாற்றுகளும் ஒரே நிழல்வலைக்குக் கீழே இருப்பது இதைவிடப் பெரிய குறை. வெயிலில் வளர வேண்டிய செடியும் அங்கே நிழலுக்குப் பழகிவிடுகிறது. அதை அப்படியே கொண்டுவந்து வாசலில் வைத்தால் இலை கருகும். முதல் சில நாள் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்து, இரண்டு வாரத்தில் மெதுவாக நகர்த்த வேண்டும். இதைக் கேட்டால் சொல்கிறார்கள், கேட்காவிட்டால் சொல்வதில்லை. இத்தனை அக்கறை உள்ளவர்கள் இதையும் அந்தச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். பாலிபேக்கில் இருக்கும் மண் களிமண்ணாக இருக்கிறது, காய்ந்தால் பையின் ஓரத்திலிருந்து விலகி, ஊற்றுகிற தண்ணீர் வேரைத் தொடாமல் வழிந்துவிடும். வாங்கிய வாரத்திலேயே வேறு கலவைக்கு மாற்றுவது நல்லது. ரொக்கம் மட்டுமே வாங்குகிறார்கள். கார் நிறுத்த இரண்டு, மூன்று வண்டிக்குத்தான் இடம். மழை பெய்தால் மண்பாதை வழுக்கும்.

மருமகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கறிவேப்பிலையின் தளிர் சுருண்டபோது படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அன்று மாலையே, "அக்கா, இலையின் அடியில் பாருங்கள், அசுவினி இருக்கும். மருந்து வேண்டாம், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் போய்விடும்" என்று பதில் வந்தது. திருப்பிப் பார்த்தேன். பச்சைப் புள்ளிகளாக இலையடி முழுக்க ஒட்டியிருந்தன. எட்டு வெள்ளிக் கன்றுக்கு இந்தக் கவனிப்பு எனக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை. குளிரான கேமரன் மலையிலிருந்து வரும் ஹைட்ரேஞ்சியா, ரோஜாத் தொட்டிகளை இவர்கள் விற்பதே இல்லை என்பதையும் கவனித்தேன். கீழே வந்தால் ஒரு முறை பூத்துவிட்டு நலிந்துபோகும் செடியை விற்று என்ன பயன் என்பது பெரியவரின் கட்சி.

யார் போகலாம்? தரையில் மண் உள்ள, ஓரளவு நிழல் விழும் வீட்டுக்காரர்கள் கட்டாயம் போகலாம். குறிப்பாகத் தஞ்சோங் புங்கா, ஆயர் ஈத்தாம் பக்கத்தில் பழைய கம்பத்து (கிராமத்து) வீடு வைத்திருப்பவர்களுக்கு அந்த ஜாதிக்காய் ஒட்டுக்கன்றைத் தயங்காமல் சொல்வேன். அடுக்குமாடி பால்கனிக்காரர்களுக்கு அங்கே அதிகம் கிடைக்காது. என்னைப் போல சிமெண்டு வாசல் உள்ளவர்கள் நிறைய வாங்கும் எண்ணத்தோடு போக வேண்டாம். மூன்று மணிப் படமும் ஒரு பிடி மண்ணும் எடுத்துக்கொண்டு, கேட்டுத் தெரிந்துகொள்ளப் போங்கள். முந்தின நாளே மண்ணில் ஓர் அடி ஆழம் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி, வடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் பார்த்து வையுங்கள். அதையும் பெரியவர் கேட்பார். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது.

மனோரஞ்சிதம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அவர் தோட்டத்தில் அது ஒரு பழைய கொய்யா மரத்தில் ஏறியிருக்கிறது. பூக்காம்பு கொக்கியாக வளைந்து கிளையைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. பூ முதலில் இலையோடு இலையாகப் பச்சையாக இருந்து, கண்ணுக்கே தெரியாது. தடித்த ஆறு இதழும் மஞ்சளாக மாறும்போதுதான் மணம் தொடங்குகிறது. நினைத்த பழத்தின் வாசனை வரும் என்று அம்மா சொல்வார். கூலிம் எஸ்டேட் வீட்டில் அவர் வைத்திருந்த கொடிக்குப் பிறகு நான் அதை நேரில் பார்த்தது இங்கேதான். கன்று 25 வெள்ளி, அன்றே வாங்கியிருப்பேன். ஆனால் அம்மாவின் கொடிக்கு ரப்பர் மர நிழல் இருந்தது, பெரியவரின் கொடிக்குக் கொய்யா நிழல் இருக்கிறது, காலையில் கிழக்கே உள்ள மலையும் வெயிலை மறைக்கிறது. என் வாசலில் அதற்கு எதுவுமே இல்லை.

தொட்டியில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. கடைசியில் ஒரு வழி சொன்னார். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நம் பக்கம் மழை குறையும் காலம். ஒரு கன்றை நிழல்வலைக்கு வெளியே, தகரக் கொட்டகையின் மேற்குச் சுவரோரம் தொட்டியில் வைத்து அந்த மூன்று மாதமும் பார்ப்பதாகச் சொன்னார். பணம் வாங்கவில்லை. மருமகள் தொட்டியில் என் பெயரை எழுதி வைத்திருக்கிறார். மார்ச்சில் அதில் நல்ல இலை இருந்தால் எடுத்து வருவேன். கருகியிருந்தால், வலைக்குள் திரும்ப வைத்து நிழல் உள்ள வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.